குரோட்டன்ஸ்: இலையே பூவாக

வாசலில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் வண்ணச் செடி. விதை போட்டால் அதே செடி வராது. கிளையைக் காப்பாற்றினால்தான் உண்டு.

பழைய வீட்டை இடிக்க வருகிறவர்கள் முதலில் கழற்றுவது கதவு, ஜன்னல்களை. தேக்கு என்றால் நல்ல விலை. அடுத்து தூண், உத்தரம், ஓடு, இரும்புக் கம்பி. பழைய செங்கல்லுக்குக்கூட ஆள் வருவதுண்டு. யாருமே விலை கேட்காத ஒன்று, வாசல் படியின் இரு பக்கமும் நிற்கும் குரோட்டன்ஸ். ஆள் உயரத்துக்கு வளர்ந்து மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக மினுமினுக்கும் அந்தச் செடியின் தலையில்தான் முதல் கூடை இடிபாடு கொட்டப்படுகிறது. மறுநாள் ஜேசிபி இயந்திரம் வரும்போது அது குப்பையோடு குப்பை.

கொல்கத்தாவின் பவானிபூர், மும்பையின் மாதுங்கா, பெங்களூரின் பசவனகுடி என்று தனி வீடுகள் அடுக்குமாடிகளாகும் இடமெல்லாம் இதே கதைதான். போனது ஒரு செடிதானே, நர்சரியில் இன்னொன்று வாங்கினால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். குரோட்டன்ஸ் ரகங்களை விதை மூலம் அப்படியே மீட்க முடியாது. ஒவ்வொரு ரகமும் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளையாக, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்து சேர்ந்தது. பாட்டி பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஒரு குச்சி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ ஒரு பங்களா தோட்டக்காரரிடம் வாங்கிய குச்சி என்று பின்னோக்கிப் போகும் சங்கிலி அது. ஒரு ரகத்தின் கடைசிச் செடி சாய்ந்தால், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எந்தக் கடையிலும் அது மறுபடி கிடைக்காது.

பெயரில் ஒரு குழப்பம்

தமிழில் குரோட்டன்ஸ் என்பது ஒரு செடியின் பெயர் அல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். பூவுக்காக அல்லாமல் இலைக்காக வளர்க்கிற எதுவும் தமிழர் வீட்டில் குரோட்டன்ஸ்தான். கோலியஸும் அக்கலிஃபாவும் டிரசீனாவும் இந்தப் பெயரில் அடங்கிவிடும். ஒருமையில் சொன்னாலும் கடைசியில் 'ஸ்' ஒட்டிக்கொள்ளும். வங்காளிகள் இந்த விஷயத்தில் கவித்துவம் மிக்கவர்கள். அவர்கள் வைத்த பெயர் 'பாத்தாபாஹார்', அதாவது இலையின் எழில். இந்தோனேசியாவில் இது 'பூரிங்'. பிலிப்பைன்ஸில் ஏனோ 'சான் பிரான்சிஸ்கோ'.

தாவரவியல் ஏட்டில் இதன் பெயர் கோடியம் வேரிகேட்டம். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது இதை 'குரோட்டன்' இனத்தில் சேர்த்தார். 1824இல் தாவரவியலாளர்கள் அதைப் பிரித்துத் தனி இனமாக்கினார்கள். ஆனால் தோட்டக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. 200 ஆண்டுகளாக ஏடு ஒன்று சொல்கிறது, தோட்டம் வேறொன்று சொல்கிறது.

உண்மையான குரோட்டன் இனத்தைச் சேர்ந்த ஒரு தாவரம் தமிழர்களுக்கு வேறு வழியில் அறிமுகமானதுதான். நாட்டு வைத்தியத்தில் கடும் பேதி மருந்தாகப் பயன்படும் நேர்வாளம் அது. கிரேக்க மொழியில் குரோட்டன் என்றால் உண்ணி. விதையின் தோற்றம் உண்ணியைப் போல இருப்பதால் வந்த பெயர். வாசலில் நிற்கும் வண்ணச் செடிக்கும் அந்தப் பேதி மருந்துக்கும் தூரத்து உறவு மட்டுமே.

அம்போன் தீவு முதல்

குரோட்டன்ஸின் பிறப்பிடம் மலேசியா, இந்தோனேசியா தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடபகுதி, மேற்குப் பசிபிக் தீவுகள் வரை பரந்தது. ஐரோப்பிய ஏடுகளில் அதை விரிவாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் ரம்ஃபியஸ். ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குப் போனவர். தீவின் செடி கொடிகளை எழுதி வந்தவருக்கு 1670இல் பார்வை போயிற்று. 1687இல் தீ விபத்தில் அவருடைய படங்கள் எரிந்தன. 1692இல் கையெழுத்துப் பிரதியோடு சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். வேறொரு பிரதி கைவசம் இருந்ததால் நூல் தப்பியது. 1702இல் அவர் இறந்து, சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகே அது அச்சேறியது. கோடியம் என்ற பெயர் அந்த நூலின் வழியாகத்தான் தாவரவியலுக்கு வந்தது. வண்ணத்துக்கென்றே வளர்க்கப்படும் ஒரு செடியின் பெயர், பார்வையிழந்த ஒருவர் பாடுபட்டு முடித்த நூலின் மூலம் உலகுக்குக் கிடைத்தது.

ஐரோப்பாவில் அதற்கு மவுசு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரிட்டனின் புகழ்பெற்ற நர்சரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கூல்ட் வீச், 1864 முதல் 1866 வரை ஆஸ்திரேலியாவிலும் தென்கடல் தீவுகளிலும் அலைந்து புதுப்புது ரகங்களைக் கொண்டுபோனார். 1870இல், 31 வயதிலேயே காசநோயால் இறந்தார். அவர் கொண்டுவந்த செடிகளுக்கோ நீண்ட ஆயுள். கண்ணாடிக் கூடங்களில் நெருப்பு மூட்டி, நீராவிக் குழாய் வைத்துக் குரோட்டன்ஸ் வளர்ப்பது விக்டோரியா காலத்துப் பணக்காரர்களின் பெருமைகளில் ஒன்றாயிற்று.

இந்தியாவில் அந்தச் செலவெல்லாம் தேவைப்படவில்லை. 1787இல் தொடங்கிய ஹவுரா சிப்பூர் தாவரவியல் பூங்காவும், வில்லியம் கேரி 1820இல் தொடங்கி இன்று ஆலிப்பூரில் இயங்கும் வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் வெளிநாட்டுத் தாவரங்கள் இந்தியாவுக்குள் நுழைந்த பெரிய வாசல்கள். வங்கத்தின் புழுக்கமும் மழையும் குரோட்டன்ஸுக்குப் பிறந்த வீடு மாதிரி. கலெக்டர் பங்களா, ரயில் நிலையம், மிஷன் பள்ளிக்கூடம், ஜமீன் மாளிகை என்று பரவி, கடைசியில் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. காரணம் எளிது. பூச்செடி சில மாதங்கள்தான் கண்ணுக்கு விருந்து. குரோட்டன்ஸுக்கு 12 மாதமும் சீசன்.

முதுமையில் வரும் அழகு

புத்தகங்கள் இதைப் பசுமை மாறாத புதர் என்று வகைப்படுத்துகின்றன. இலை மொத்தமாக உதிராது என்ற பொருளில் அது சரி. ஆனால் பசுமைதான் இதில் குறைவு.

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்க்கைக்குத் தமிழில் படிப்படியாகப் பெயர் உண்டு. மாமரத்தைப் பார்த்தால் அழகெல்லாம் தளிரில். செம்பு நிறத்தில் பிறந்து, முற்ற முற்றச் சாதாரணப் பச்சையாகிவிடும். பெரும்பாலான குரோட்டன்ஸ் ரகங்களில் கதை தலைகீழ். தளிர் பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும். வெயிலும் வயதும் ஏற ஏற, மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்பில் நிற்கும். ஒரே கிளையில் மேலிருந்து கீழே பார்த்தால் இலையின் வயதை நிறத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இதற்குக் காரணம் மூன்று நிறமிகள். பச்சையம், கேரட்டில் இருக்கும் கரோட்டினாய்டு வகை, நாவல் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் வகை. பச்சையம் இல்லாத அல்லது குறைந்த பகுதிகளில் மஞ்சள் தெரிகிறது. வெளிச்சம் கூடும்போது சிவப்பு நிறமி அதிகமாக உருவாகிறது. நிழலில் வைத்தால் செடி அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கும். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தில் உணவு தயாரிக்கப் பச்சையம்தானே வேண்டும்? 'கடையில் பார்த்தபோது சிவப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது' என்ற புகாருக்கு விடை இதுதான். ஏமாற்றியது கடைக்காரர் அல்ல, வரவேற்பறையின் இருட்டு.

வடிவமும் பல. அகன்ற இலை, வாள் போல் நீண்ட இலை, திருகு சுற்றிய இலை, ஓக் மரத்து இலை போல மடல் விட்ட இலை என்று போகும் பட்டியலில் ஒரு விசித்திரமும் உண்டு. இலை பாதியில் நின்றுபோய், நடு நரம்பு மட்டும் நூல் போலத் தொங்கி, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை ஊசலாடும்.

ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனிக் கொத்துகளாக வருகின்றன. கவனிக்கவே தோன்றாத சிறு பூக்கள். அவற்றிலிருந்து விதை கிடைத்தாலும் முளைக்கும் பிள்ளை தாயைப் போல இருக்காது. பெரும்பாலானவை சுமார் ரகம். ஆயிரத்தில் ஒன்று புது அழகோடு வரும். ஃப்ளோரிடாவிலும் தாய்லாந்திலும் புது ரகங்களை உருவாக்குகிறவர்கள் இந்தச் சூதாட்டத்தைத்தான் ஆடுகிறார்கள். விதையே இல்லாமலும் மாற்றம் நேர்வதுண்டு. ஒரு செடியின் ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் துளிர்க்கும். கவனித்துப் பதியம் போட்டுப் பிரித்தால் அது புது ரகம். கவனிக்காமல் வெட்டி எறிந்தால் போனது போனதுதான்.

லாரியில் ஏறும் ரகங்கள்

இந்தியாவில் செடி வியாபாரத்தின் பெரிய கேந்திரங்களில் ஒன்று ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், ராஜமுந்திரிக்கு அருகில் இருக்கும் கடியம். கோதாவரியின் வண்டல் மண், ஆண்டு முழுக்கக் கால்வாய்த் தண்ணீர், வாசலிலேயே தேசிய நெடுஞ்சாலை. கடியபுலங்காவிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நூற்றுக்கணக்கான நர்சரிகள். அங்கிருந்து புறப்படும் லாரிகள் பல மாநிலங்களின் சாலையோர நர்சரிகளை நிரப்புகின்றன. மும்பையிலோ டெல்லியிலோ ஒருவர் வாங்கும் குரோட்டன்ஸ் கோதாவரிக் கரையில் வேர் விட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மொத்த வியாபாரத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. சீக்கிரம் வேர் பிடிக்க வேண்டும். சின்ன வயதிலேயே நிறம் காட்ட வேண்டும். லாரியில் இரண்டு மூன்று நாள் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்தாலும் இலை கொட்டக் கூடாது. இந்தத் தேர்வில் தேறும் ரகங்கள் கொஞ்சம்தான். அகன்ற இலையில் மஞ்சள் நரம்போடும் 'பெட்ரா', பச்சை இலையில் பொன் துகள் தூவிய 'கோல்ட் டஸ்ட்', இலை திருகிய 'மம்மி' போன்றவை உலகச் சந்தை முழுவதும் நிறைந்திருப்பது இதனால்தான். நிறம் ஏற மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும் பழைய ரகத்தை வளர்த்து யாருக்கு லாபம்?

இதில் குற்றவாளி யாரும் இல்லை. நர்சரிக்காரருக்கு நிலமும் தண்ணீரும் கூலியும் காசு. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான். உலகில் பல நூறு குரோட்டன் ரகங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சாதாரண வாடிக்கையாளர் பார்ப்பது பத்துப் பதினைந்துக்குள். அதிலும் பெயர்ச் சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். ஃப்ளோரிடாவில் இந்த ஒரே செடிக்கென்று ஆர்வலர்கள் சங்கம் வைத்து, பழைய ரகங்களைத் தேடிப் பெயரோடு காப்பாற்றுகிறார்கள். இங்கே அந்த வேலையைத் தங்களை அறியாமலே செய்துகொண்டிருப்பவை பழைய வீட்டு வாசல்கள். அவைதான் இப்போது ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

ஊருக்கு ஊர் பக்குவம்

குரோட்டன்ஸ் வளர்ப்பது கஷ்டம் இல்லை. ஆனால் அதற்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. நல்ல வெளிச்சம், காற்றில் ஈரம், காலடியில் தண்ணீர் தேங்காத மண். இந்த மூன்றும் இருந்தால் மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும்.

தொட்டிக்கு மண் கலவை: இரண்டு பங்கு செம்மண் அல்லது தோட்ட மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது தென்னை நார்த் துகள். லேசான அமிலத் தன்மை உள்ள மண் பிடிக்கும். உப்புத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் தன்மை மாறி, இரும்புச் சத்தை வேர் உறிஞ்ச முடியாமல் இலை வெளிறும். மாதம் ஒரு முறை கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் செடி செழிக்கும், நிறம் மங்கும்.

தண்ணீருக்கு ஒரே விதி, விரல். மேல் மண்ணில் ஒரு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் கடமையாக ஊற்றிக் கொல்லப்பட்ட குரோட்டன்ஸ்களே அதிகம்.

கொல்கத்தா, கவுகாத்தி, கொச்சி வாசிகளுக்கு இந்தச் செடி வரப்பிரசாதம். தரையில் நட்டு, ஆண்டுக்கு ஒரு முறை நுனி கிள்ளிவிட்டால் ஆறடி வரை புதராக வளரும். மும்பையில் பிரச்சினை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில், பால்கனித் தொட்டியின் அடித்துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பதும், மழைக்காலத்தில் அடித்தட்டை எடுத்துவிடுவதும் அவசியம்.

டெல்லியில் ஆண்டுக்கு இரண்டு கண்டம். மே, ஜூன் மாதங்களின் 'லூ' அனல் காற்றில் இலை விளிம்பு கருகும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும்போது இலை உதிரும். ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வளர்க்கிறவர் கோடையில் பிற்பகல் வெயில் படாத இடத்துக்கும், குளிர்காலத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு உட்புறமும் தொட்டியை மாற்றத்தான் வேண்டும். குளிர் மாதங்களில் தண்ணீர் பாதியாகக் குறையட்டும். பெங்களூரில் இந்தத் தொல்லைகள் கிடையாது. வளர்ச்சி மட்டும் கொஞ்சம் நிதானம். அங்கே செடிக்கு நேர் வெயில் எவ்வளவு கிடைத்தாலும் கொடுக்கலாம். சிம்லா, ஊட்டி போன்ற மலை ஊர்களில் வெளியே நடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

பத்து நாளில் கொட்டும் இலை

வாங்கி வந்த புதிதில் இலை மடமடவென்று உதிர்வதைப் பார்த்துச் செடியைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். தவறு. நிழல்வலைக்குக் கீழே, ஈரக் காற்றில் வளர்ந்த செடி அது. லாரிப் பயணம், சாலையோரத் தூசு, பிறகு வேறொரு வீட்டு வெளிச்சம். இடமாற்றத்துக்கு அதன் எதிர்ப்பு, இலையை உதிர்ப்பது.

செய்ய வேண்டியது குறைவு. உடனே தொட்டி மாற்றக் கூடாது, உரம் போடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, இலையில் தண்ணீர் தெளித்துவர வேண்டும். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது. மொட்டைக் குச்சியாக நின்றாலும் புதுத் துளிர் வரும். பிறகு வாரத்துக்கு வாரம் வெயிலைக் கூட்டலாம். ஓர் இடத்தில் பழகியதும் அடிக்கடி நகர்த்தாமல் இருப்பது நல்லது.

முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும். பச்சைக் கிளைக்கு வலு அதிகம். விட்டால் வண்ணக் கிளைகளை அமுக்கிவிடும்.

பூச்சியும் பாலும்

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப் பேன், இலைப்பேன் நான்கும் வழக்கமான எதிரிகள். காற்று வறண்ட நாட்களில் இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப் பேன். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் தெளிக்கலாம். ஆமணக்குக் குடும்பம் என்பதால் ஆமணக்கை மொட்டையடிக்கும் காவடிப் புழுவும் சில சமயம் உறவு கொண்டாடி வரும். கையால் பொறுக்கி எறிவதே போதும்.

பலரும் கவனிக்காத விஷயம், கிளையை ஒடித்தால் வடியும் சாறு. துணியில் பட்டால் கறை போகாது. தோலில் மறுபடி மறுபடி பட்டால் சிலருக்கு அரிப்பும் படையும் வரும். நாள் முழுக்கக் குரோட்டன் கிளை வெட்டும் நர்சரித் தொழிலாளர்களுக்கு இந்தத் தோல் நோய் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பவருக்கு ஆபத்து குறைவு. கூலிக்கு அதையே தொழிலாகச் செய்கிறவருக்கு ஒரு ஜோடி கையுறை சலுகை அல்ல, உரிமை.

இலை, பட்டை, வேர் எதுவும் வாயில் போடத் தக்கதல்ல. வாய் எரிச்சலும் வாந்தியும் வரலாம். தவழும் குழந்தையோ இலை கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைப்பது உத்தமம்.

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. இது பற்றி முன்பு நடந்த பல ஆய்வுகளை ஒப்பிட்டு அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாகச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில கணக்குப்படி 1,000 செடிகூட வேண்டும். அப்புறம் மனிதர்கள் எங்கே உட்காருவது? குரோட்டன்ஸைக் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகவே வளர்க்கலாம். அந்தக் காரணம் போதும்.

ஒரு கிளையைக் காப்பாற்ற

பழைய செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதைவிட, அதன் கிளையில் விண்பதியம் போடுவது நிச்சயமான வழி. மழைக்காலம் சிறந்தது. தேவைப்படுபவை ஒரு கூரான கத்தி, நர்சரிகளில் கிடைக்கும் காய்ந்த பாசி, ஒரு பாலிதீன் தாள், கொஞ்சம் சணல் கயிறு.

பென்சில் பருமனுள்ள, நல்ல நிறம் ஏறிய கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனியிலிருந்து ஓர் அடி கீழே, இரண்டு இலைகளை நீக்கிவிட்டு, ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் போல உரித்தெடுக்க வேண்டும். உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தியால் சுரண்டிவிடுவது முக்கியம். அது மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பாசியை அந்த இடத்தில் எலுமிச்சை அளவுக்கு வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்ட வேண்டும்.

இலைகள் தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை அறுந்த இடத்தில் அது தேங்கி நிற்கும். பாசியின் ஈரம் சேரும்போது அங்கேயே வேர் கிளம்பும். தண்ணீரோ உள்ளே இருக்கும் மரப் பகுதி வழியாக ஏறுவதால் கிளை வாடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் பாலிதீன் வழியே வெள்ளை வேர்கள் தெரியும். அதற்குக் கீழே வெட்டி, பாலிதீனை மட்டும் கவனமாகப் பிரித்து, பாசியோடு தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வைத்தால் செடி தயார். ஓர் அடி உயரத்தில், தாயின் அதே நிறம், அதே வடிவம்.

அவ்வளவு நாள் அவகாசம் இல்லையா? நாளைக்கே வீட்டை இடிக்கிறார்களா? நான்கைந்து அங்குல நுனிக் கிளைகளாகப் பத்து வெட்டி, சாறு நிற்கும் வரை தண்ணீரில் வைத்து, அடி இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈர மணலில் ஊன்றி, பாலிதீன் பையால் மூடி நிழலில் வைக்கலாம். பத்தில் நான்கு பிழைத்தாலும் ரகம் பிழைத்தது.

பிழைத்ததில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரே வீட்டில் இருக்கும் செடி ஒரு கோடையில் போகலாம். நான்கு வீட்டில் இருந்தால் ஒன்றாவது தப்பும். கொடுக்கும்போது யார் வீட்டுச் செடி, எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் செருகிவிடலாம். லத்தீன் பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. 'மாதுங்கா பாட்டி வீட்டுச் சிவப்பு' என்பதும் ஒரு ரகத்துக்குப் போதுமான பெயர்தான்.

வீட்டை விற்றவர்கள் பத்திரம், சாவி, பூஜை அறைப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். காரில் ஏறும் முன் வாசல் படியில் ஒரு நிமிடம் நின்று, ஒரு கிளையை வெட்டி ஈரத் துணியில் சுற்றிக்கொண்டால் போதும். புது அடுக்குமாடியின் நான்காம் மாடியில், காலை வெயில் விழும் பால்கனி மூலையில், பழைய வாசலின் நிறம் மறுபடி ஏறத் தொடங்கும்.